அறைவீட்டுச் சாவி

"முப்பத்தெட்டு வருசமா ஒரே சாமியா?" என்று அம்மா போனில் கேட்டாள். "அப்பொ அவரு அந்த ஊருக்குச் சாமியார் இல்லல, மாமியார்."

2012 ஜனவரி கடைசி. மெல்பர்னில் சரியான வெயில். சவுத் மெல்பர்ன் புனித பேதுரு பவுல் ஆலயத்தின் பங்குத்தந்தை பாப் மகுவையரை அனுப்பிவைக்கிறார்கள் என்ற செய்திதான் அன்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்கதை பேசி முடித்து, மழை விசாரித்து, வேறு ஒன்றும் கிடைக்காமல் இதை அம்மாவிடம் சொன்னேன். 1973இல் அந்தக் கோவிலுக்கு வந்தவர், இப்போது வயது 77, போக மனமில்லாமல் போகிறார் என்று. நான் எதிர்பார்த்தது ஒரு "அய்யோ பாவம்". கிடைத்தது மாமியார்.

அம்மா அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பங்கில், அதாவது ஒரு சாமியின் பொறுப்பில் இருக்கும் கோவில் வட்டாரத்தில், பொதுவாக எந்தச் சாமியும் ஐந்தாறு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. மே மாதம் வந்தால் ஆயர் (பிஷப்) இல்லத்திலிருந்து மாற்றல் பட்டியல் வரும். பட்டியல் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நல்ல சாமி என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சால்வை, மாலை, நாலு பேர் பேச்சு, ஐந்தாவது ஆள் பேசும்போது அழுகை. மறுநாள் மூன்று வேன் பிடித்து, புதுப் பங்குவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, "எங்க சாமிய நல்லாப் பாத்துக்கோங்க" என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருவோம். பிடிக்காத சாமி என்றால் வேன் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமியார் என்பது எங்கள் வீட்டில் வசவு மட்டும் இல்லை. எந்தப் பானையில் எது இருக்கிறது, யார் வீட்டில் எவ்வளவு கைமாற்று வாங்கியிருக்கிறோம், எந்த மருமகளுக்கு எந்த நாளில் தலைவலி வரும், எல்லாம் தெரிந்தவள். அவள் இல்லாவிட்டால் வீடு ஓடாது. அவள் இருக்கும்வரை வீடு வேறு யாருக்கும் சொந்தமாகவும் ஆகாது. அம்மா வேடிக்கையாகச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் ஃபாதர் பாபின் கதை முழுக்க இருக்கிறதோ என்று அப்புறம் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான் அவரை முதலில் அறிந்தது கோவிலில் இல்லை, ரேடியோவில். ஞாயிறு இரவு வேலை முடிந்து காரில் வரும்போது டிரிபிள் ஜே வானொலியில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஜான் சாஃப்ரன், யூதர், குறும்பான ஆள். இன்னொருவர் கரகரத்த குரலில் பேசும் கிழவர். டிரிபிள் ஜே இளவட்டங்கள் கேட்கிற நிலையம், அதில் இந்தக் கிழவருக்கு என்ன வேலை என்று முதலில் புரியவில்லை. மதம், அரசியல், சாவு, கால்பந்து என்று எதைப் பேசினாலும் நடுவில் எங்கேயோ தடம் மாறி வேறொன்றைப் பேசுவார். சாஃப்ரன் திணறிச் சிரிப்பார். அந்தக் கிழவர் கத்தோலிக்கக் குரு என்று தெரிந்த இரவில் நான் காரை ஓரமாக நிறுத்தவெல்லாம் இல்லை, ஆனால் வீட்டு வாசல் வந்த பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் எதிரே சாமி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி "ஸ்தோத்திரம் சாமி" சொல்லி வளர்ந்தவன். சாமியாரைக் கிண்டல் செய்யலாம், அவரும் திருப்பிக் கிண்டல் செய்வார் என்பதே எனக்குப் புதிது.

ரேடியோ அவருக்குக் கடைசியில் வந்த புகழ். அதற்கு முன்னால் முப்பது வருஷ வேலை இருந்தது. 1934இல் மெல்பர்னின் தார்ன்பரியில் பிறந்தவர். குடிகாரத் தகப்பன், வறுமை, பள்ளிப் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் இழந்துவிட்டார். 1960இல் குருப்பட்டம். 1973இல் சவுத் மெல்பர்ன் பங்கு.

இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் மார்க்கெட்டில் டிம் சிம் என்ற தின்பண்டம் வாங்க வரிசை, காபிக் கடைகள், கோடிக்கணக்கில் விலை போகும் பழைய ஓட்டு வீடுகள். அவர் வந்த காலத்தில் அது துறைமுகத் தொழிலாளிகளின் ஊர். அந்த வீடுகளுக்கு மேலாக, ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த பார்க் டவர்ஸ் என்ற உயரமான அடுக்குமாடி இன்றும் நிற்கிறது. பங்கு என்றால் அவருக்கு அந்த அடுக்குமாடியும், அதற்கு வெளியே தெருவில் படுத்திருந்த பையன்களும்தான். 1978இல் தெருப் பிள்ளைகளுக்காக 'ஓப்பன் ஃபேமிலி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களை அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஆள் போவது. அப்படிப் போனவர்களில் ஒருவர் ஹென்றி நிசன், முன்னாள் குத்துச்சண்டை வீரர், யூதர். ரேடியோவிலும் யூதர், தெருவிலும் யூதர். ஃபாதர் பாபுக்கு வாய்த்த கூட்டாளிகளே அப்படி.

யாரும் நேசிக்காதவர்கள், நேசிப்பதற்கு லேசில் முடியாதவர்கள் என்று இரண்டு வகையை அவர் அடிக்கடி சேர்த்துச் சொல்வார். இரண்டாவது வகையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். உதவி கேட்டு வருகிறவன் எல்லாம் நல்லவனாக இருக்க மாட்டான், நாற்றமடிப்பான், பொய் சொல்வான், கொடுத்ததை விற்றுக் குடிப்பான் என்பது தெரிந்தவர் சொல்லும் சொல் அது.

சரி, பிறகு ஏன் அனுப்பினார்கள்?

திருச்சபைச் சட்டத்தில் 538ஆம் எண்ணின் மூன்றாம் பிரிவு இருக்கிறது. பங்குத்தந்தைக்கு 75 வயது முடிந்ததும், பதவி விலகல் கடிதத்தை ஆயரிடம் கொடுக்கும்படி அவர் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்". ஆயர் ஆளையும் இடத்தையும் எண்ணிப் பார்த்து அதை ஏற்கலாம், தள்ளியும் வைக்கலாம். ஓய்வு பெறுகிறவருக்குத் தங்க இடமும் பிழைக்க வழியும் செய்து கொடுப்பது ஆயரின் கடமை. சட்டம் அவ்வளவுதான்.

எங்கள் அப்பா நூல் மில்லில் 58 வயதில் ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் தேதி சொன்னார்கள், அந்தத் தேதியில் ஒரு மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அப்பாவிடம் யாரும் ராஜினாமா கடிதம் கேட்கவில்லை. திருச்சபை கேட்கிறது. கட்டாயம் என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. ஆனால் குருப்பட்டம் வாங்கும் நாளில் தன் இரண்டு கைகளையும் ஆயரின் கைகளுக்குள் வைத்து, உமக்கும் உமக்குப் பின் வருகிறவர்களுக்கும் கீழ்ப்படிவேன் என்று சொன்னவனிடம் "கேட்டுக்கொள்வது" என்றால் அதற்கு என்ன பொருள்? கடிதம் எழுதினால் அவராகவே விலகினார் என்று ஆகும். எழுதாவிட்டால் கீழ்ப்படியாதவர் என்று ஆகும். என்னைக் கேட்டால், அப்பாவின் சுவர்க் கடிகாரம் இதைவிட நேர்மையானது.

இந்த வயது வரம்பு பழையது இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 1960களில் உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பங்குத்தந்தையை அசைப்பதே பெரும்பாடு. அசைக்கவே கூடாதவர்கள் என்று ஒரு வகையே சட்டத்தில் இருந்தது. வயதானவர்கள் தாங்களாக விலக வேண்டும் என்று சங்கம் 1965இல் சொன்னது. மறு வருஷம் போப் ஆறாம் பவுல் 75 என்று எண் போட்டார். ஃபாதர் பாப் குருப்பட்டம் பெற்ற 1960இல் மெல்பர்ன் பேராயராக இருந்தவர் டேனியல் மானிக்ஸ். அப்போது மானிக்ஸுக்கு வயது 95ஐத் தாண்டியிருந்தது. 1963இல் 99 வயதில் பேராயராகவே செத்தார். அந்தக் காலத்தில் குருவானவனுக்கு, ஒருநாள் பிறந்தநாள் கேக்கோடு ராஜினாமா கடிதமும் கூட வரும் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது.

2009 செப்டம்பரில் ஃபாதர் பாபுக்கு 75. பேராயர் டெனிஸ் ஹார்ட் கடிதத்தை எதிர்பார்த்தார். இவர் போக விரும்பவில்லை, அதை மறைக்கவும் இல்லை. மற்ற சாமிகள் ஆயர் இல்லத்து வராந்தாவில் மெதுவாகப் பேசுவதை இவர் மைக்கில் பேசினார். பங்கின் பணக் கணக்கு பற்றியும் பேராயர் இல்லத்துக்கும் அவருக்கும் இழுபறி இருந்தது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஏழைகளின் நண்பரான கிழட்டுச் சாமி ஒரு பக்கம், அங்கியும் தொப்பியுமாகப் பேராயர் மறுபக்கம். படம் போட வசதியான சண்டை. கடைசியில் இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. இடையில் 2011இல் விக்டோரியா மாநிலத்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த மனிதர் என்ற பட்டத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். மாநிலம் மாலை போட்டுக்கொண்டிருக்கும்போதே திருச்சபை பெட்டியைக் கட்டச் சொன்னது. 2012 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பூசை. கோவில் நிரம்பி வழிந்தது.

அப்போது நானும் பேராயர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். சாமிகளே கிடைக்காமல் இந்தியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் குருக்களை வரவழைக்கும் நாட்டில், ஓடியாடுகிற ஒருவரை வயதைச் சொல்லி அனுப்புவது என்ன புத்தி என்று வேலையிடத்தில் ஒரு ஐரிஷ் கத்தோலிக்கரிடம் வாதம்கூடச் செய்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கோபம் குறைந்ததற்கு ஒரு காரணம் கணக்கு. டெனிஸ் ஹார்ட் 1941 மே மாதம் பிறந்தவர். 2016இல் அவருக்கும் 75 வந்தது. ஆயர்களுக்கும் அதே வயதுதான். அவர்கள் கடிதத்தைப் போப்புக்கு எழுத வேண்டும். அவருடைய விலகல் ஏற்கப்பட்டது 2018இல், 77 வயதில். ஃபாதர் பாப் சாவியைக் கொடுத்ததும் 77இல். ஒரு வயசுகூட முன்னே பின்னே இல்லை.

ஆனால் கணக்கு அந்தப் பக்கமும் முழுசாகச் சாயாது. ஃபாதர் பாப் போன மறு வருஷம், 2013 மார்ச்சில், ரோமில் ஒரு புதுப் போப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். புவெனஸ் அயர்ஸ் பேராயராக 75 முடிந்து ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தவர் அவர். 76 வயது. ஒரு பங்கைப் பார்க்கும் வயதைத் தாண்டிவிட்ட மனிதருக்கு உலகத்தையே பார்த்துக்கொள் என்று கொடுத்தார்கள், அவரும் 12 வருஷம் பார்த்தார். ஆக, 75 என்பது உடம்பைப் பற்றிய எண் இல்லை.

பின்னே எதைப் பற்றிய எண்? இதற்கு எனக்குக் கிடைத்த பதில் ஊரிலிருந்துதான் வந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் பங்குக்கு ஒரு சாமி வந்தார். ஐந்தாறு வருஷம் என்பது அவர் விஷயத்தில் எட்டானது. எங்கள் ஊர் வரலாற்றில் அதுவே அதிகம். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு சாதிக்காரர்களும் ஒரே நாளில் தேர் இழுக்கும் ஏற்பாடு, எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. மூன்றாவதைச் செய்ததற்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம். மாற்றல் வந்தபோது ஊர் கோவில் கதவைப் பூட்டியது. இரண்டு ஞாயிறு பூசை இல்லை. அவரே வந்து திட்டிக் கதவைத் திறக்க வைத்தார்.

புதுச் சாமி இளைஞர், பாடத் தெரிந்தவர். அவர் எதைத் தொட்டாலும் "முந்தின சாமி இப்படித்தான் வச்சிருந்தாரு" என்று யாராவது சொல்வார்கள். முந்தின சாமி நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவார், செத்த வீட்டுக்குக் கூப்பிடாமலே வருவார். அவர் வந்தால் கூட்டம் அவரைச் சுற்றி நிற்கும். புதுச் சாமி தன்னுடைய கோவிலில், பீடத்துக்குப் பக்கத்தில், விருந்தாளி மாதிரி நிற்பார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருமகள் முகம். மூன்றே வருஷத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எட்டு வருஷத்துக்கே இப்படி என்றால் முப்பத்தெட்டு வருஷத்துக்கு? ஒரு பங்கில் அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை வளர்ந்து, அவர் கையாலேயே கல்யாணம் கட்டி, தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு அவரிடமே வருகிறது. அப்புறம் அது பங்கா, அவருடைய வீடா? பங்கு ஆளோடு ஒட்டிப்போகும் முன் பிரித்துவிட வேண்டும் என்று ஆயர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் காலக்கெடு வைத்து மாற்றுகிறார்கள். பங்குத்தந்தை நிலையாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி, ஆயர் பேரவை அனுமதித்தால் காலம் குறித்து நியமிக்கலாம். ஃபாதர் பாபுக்கு அந்தச் சின்னச் சின்னப் பிரிவுகள் ஒன்றுகூட நடக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்தது. வேனில் கொண்டுபோய் விட அடுத்த பங்கும் இல்லை.

பேராயரைவிட எனக்கு இன்றும் உறுத்துவது இந்த இடம். நம்மில் யார் ஓய்வு பெற்றாலும் வீட்டுக்குப் போகிறோம். பங்குச்சாமி ஓய்வு பெற்றால் வீட்டைவிட்டுப் போக வேண்டும். எங்கள் பக்கம் சாமி குடியிருக்கும் வீட்டை அறைவீடு என்போம். அவருடைய கட்டில், புத்தகம், அடுப்பு, வாசலில் வந்து நிற்கும் ஆட்கள், ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டும் குடிகாரன், எல்லாம் வேலையோடு ஒட்டியவை. வேலை போனால் குடிகாரன்கூடப் போய்விடுவான். மனைவி மக்கள் இல்லாத மனிதனுக்கு அவன்தானே சொந்தம்.

திருச்சபைச் சட்டப் புத்தகத்தில் மொத்தம் 1752 விதிகள். ஒருநாள் இணையத்தில் சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையின் உன்னதச் சட்டம் என்று முடிகிறது. இந்த வரியைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், தனியாக நிற்கும் பெரிய வாக்கியம் என்று நினைத்திருந்தேன். தனியாக இல்லை. பங்குத்தந்தைகளை மாற்றுவது எப்படி என்று சொல்லும் பகுதியின் கடைசி விதி அது. இத்தனை விதிகளையும் எழுதி முடித்தவர்கள், ஒரு சாமியாரை ஒரு ஊரிலிருந்து பெயர்க்கும் இடத்துக்கு வந்தபோதுதான் அந்த வரியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபாதர் பாப் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003லேயே தன் பெயரில் ஒரு அறக்கட்டளை வைத்திருந்தார், மாமியாருக்கே உரிய முன்யோசனை. பங்கு போன பிறகு அதை வைத்துக்கொண்டு சாப்பாடு கொடுத்தார். சாஃப்ரனோடு சண்டை 2015வரை ரேடியோவில் ஓடியது. குருத்துவத்தை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. போனது பங்கு மட்டும்தான். 2023 ஏப்ரல் 19இல் 88 வயதில் இறந்தார். மே 5ஆம் தேதி அரசு மரியாதையோடு அடக்கச் சடங்கு புனித பேட்ரிக் பேராலயத்தில், அதாவது பேராயரின் கோவிலில் நடந்தது. நான் வேலையில் இருந்தேன், போனில் நேரலை பார்த்தேன். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "நல்ல சாவு" என்று பதில் வந்தது. பிறகு, "நம்ம சாமியப் பாத்தியால?" என்று கேட்டாள்.

நம்ம சாமி என்றால் அந்தச் சுற்றுச்சுவர்ச் சாமி. அதற்குச் சில வருஷம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது நானும் அம்மாவும் அவரைப் பார்க்கப் போனோம். ஓய்வு பெற்ற குருக்கள் இல்லம். நீளமான கட்டடம், ஒரே மாதிரிக் கதவுகள், கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை. குறை ஒன்றும் சொல்ல முடியாது. சுத்தமாக இருந்தது, சாப்பாடு நேரத்துக்கு வருகிறது என்றார். மேசைமேல் பூசைப் பாத்திரம் துணி மூடி இருந்தது. பல நாள் தனியாகவே பூசை வைப்பாராம்.

"பதில் சொல்ல ஆளில்ல. நானே சொல்லிக்கிடுதேன்" என்று சிரித்தார்.

அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிழக்குத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். செத்தவர்களைச் சொன்னபோது ஒவ்வொரு பெயருக்கும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கிளம்பும்போது கேட்டார்: "அறைவீட்டுக்குப் பின்னால ரெண்டு தென்னை வச்சிட்டு வந்தேனே. காய்க்கா?"

அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. அடிக்கல் நாட்டிய அன்று அம்மாதான் குத்துவிளக்கு ஏற்றினாள்.

"காய்க்கு சாமி. குலை குலையாக் காய்க்கு" என்றாள்.

பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வண்ணாரப்பேட்டை தாண்டும்போது, "சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

"புதுச் சாமிகிட்டயா?"

"பின்னே? அவருகிட்டயா போயிச் சொல்லச் சொல்லுதே?"